அடக்குவதா, பழக்குவதா?



குதிரை என்றதும் 'அடக்குதல்' என்ற சொல் நம் வாயில் தானாகவே வந்துவிடுகிறது. முரட்டுக் குதிரையை அடக்கிய வீரர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! ஆங்கிலத்தில் இன்னும் மோசம். குதிரையைச் சவாரிக்குப் பழக்குவதை அவர்கள் 'உடைத்தல்' என்றே சொல்லி வந்தார்கள். அந்தச் சொல்லைத் தன் பட்டிக்குள் நுழைய விடாத ஒரு பெண்மணியை நான் அறிவேன். 'நான் குதிரையை உடைப்பதில்லை, ஆரம்பித்து வைக்கிறேன்' என்பார் அவர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று நான் கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் எல்கோ என்றொரு ஊர். அப்பகுதித் தங்கச் சுரங்கமொன்றில் என் மருமகனுக்குப் பொறியியலாளர் வேலை. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக 2016 மார்ச்சில் போன நான், ஓகஸ்ட் வரை அங்கே தங்கினேன். வீட்டு வேலிக்கு அப்பால் ஒரு மாட்டுப் பண்ணை. நம் கிழக்கு மாகாணத்து மாட்டுப்பட்டியைப் பல மடங்கு பெரிதாக்கி, வயல்களுக்குப் பதிலாக வறண்ட புதர் நிலத்தையும், தூரத்தில் பனி மூடிய ரூபி மலைகளையும் கற்பனை செய்து பாருங்கள். மாடுகள் மைல் கணக்கில் பரந்து மேயும். வாகனம் போக முடியாத மேடு பள்ளங்களிலிருந்து அவற்றைத் திருப்பிக் கொண்டுவர இன்றைக்கும் குதிரைதான் வேண்டும்.

அந்தப் பண்ணைக்காரரின் மனைவிக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். மூன்று வயதுப் பெண் குதிரையொன்றை அவர் அப்போதுதான் பழக்கத் தொடங்கியிருந்தார். பேரப்பிள்ளை தூங்கியதும் மாலைகளில் நான் வேலியோரம் போய் நிற்பேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்பேன். அவர் பொறுமையாகப் பதில் சொல்வார்.

"இதில் ஏறப்போவது என் பதினான்கு வயது மகள்" என்றார் ஒருநாள். "வீட்டிலிருந்து பத்து மைல் தள்ளி, ஆளில்லாத வெளியில், இந்தக் குதிரைதான் அவளுக்குத் துணை. அவசரத்தில் பழக்கிய குதிரையை நம்பி என் பிள்ளையை அனுப்புவேனா?"

அவர் பயப்படக் காரணமிருந்தது. வேறிடத்தில் வாங்கிய கபில நிறக் குதிரையொன்றும் அங்கே நின்றது. காலைக் கட்டி, கண்ணை மறைத்து, சில நாட்களிலேயே யாரோ அதைச் சவாரிக்குப் 'பழக்கி' விட்டிருந்தார்களாம். சேணத்தின் வயிற்றுப்பட்டியை இறுக்கும்போதெல்லாம் அதற்குப் பழைய நினைவு வந்துவிடும். முந்திய வருடம் அது துள்ளி எறிந்ததில் அவருடைய கணவரின் கால் முறிந்து போயிருந்தது.

குதிரையின் சுபாவத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அது வேட்டையாடும் பிராணியல்ல, வேட்டையாடப்படும் பிராணி. சிங்கமோ புலியோ அதன் முதுகின் மேல்தான் பாயும். தன் முதுகில் ஒருவர் ஏறி உட்காரச் சம்மதிப்பது அதன் இரத்தத்தில் ஊறிய அச்சத்துக்கே மாறானது. கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால், இடது பக்கத்தில் காட்டிப் பழக்கியதை வலது பக்கத்திலும் புதிதாகவே காட்டிப் பழக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரமும் அவர் சேணத்தைத் தொடவேயில்லை. வட்டமான பட்டிக்குள் தலைக்கயிற்றோடு நிற்பார். கயிற்றை மெல்ல ஒரு பக்கம் இழுத்து, அப்படியே பிடித்திருப்பார். குதிரையின் மூக்கு ஒரு விரற்கடை அந்தப் பக்கம் அசைந்தாலும் போதும், உடனே கயிற்றைத் தளர்த்திவிடுவார்.

"குதிரை இழுப்பிலிருந்து படிப்பதில்லை, இழுப்பு நிற்கிற கணத்திலிருந்துதான் படிக்கிறது. அது இணங்கிய பிறகும் நான் இழுத்துக்கொண்டே இருந்தால், இணங்கிப் பயனில்லை என்பதைத்தான் படித்துக்கொள்ளும்" என்றார்.

பிறகு சேணம் வந்தது. பண்ணைச் சேணம் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அதைக் கட்டிய நாளில் அந்தக் குதிரை துள்ளிய துள்ளலைப் பார்த்து நான் வேலியை விட்டுப் பின்வாங்கிவிட்டேன்! அவரோ நடுவில் அமைதியாக நின்றார். அதட்டவில்லை, அடிக்கவில்லை. இரக்கப்பட்டு ஓடிப்போய்ச் சேணத்தைக் கழற்றவுமில்லை. அப்போது கழற்றினால், துள்ளினால் சுமை இறங்கும் என்று அது நினைத்துக்கொள்ளுமாம். தானாக ஓய்ந்து, தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கியபடி நின்ற பிறகுதான் அருகில் போனார். கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுப் பட்டியை அவிழ்த்தார்.

ஏறுவதும் அப்படித்தான். அங்கவடியில் கால் வைப்பார், இறங்குவார். பாரத்தைக் கொடுப்பார், இறங்குவார். இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பல நாட்கள். முதன்முதலில் முழுதாக ஏறி உட்கார்ந்த அன்று பத்து நிமிடம் நடந்திருக்கும், இறங்கிவிட்டார். "நன்றாகத்தானே போகிறது, இன்னும் கொஞ்சம் ஓட்டலாமே?" என்று கேட்டேன். "நன்றாகப் போவதால்தான் இறங்குகிறேன்" என்றார்.

இது அவர் கண்டுபிடித்த முறையல்ல. ஒரேகன் மாநிலத்துப் பண்ணையில் பிறந்த டொம் டொரன்ஸ் (1910-2003), அவரிடம் கற்ற ரே ஹன்ட் (1929-2009) ஆகியோர் பரப்பிய முறை. ரே ஹன்ட்டிடம் கற்றவர் பக் பிரனமன். சிறு வயதில் தந்தையின் கொடிய அடியில் வளர்ந்து, பின்னர் வளர்ப்புப் பெற்றோரின் அன்பில் தேறியவர் அவர். அவரைப் பற்றி 2011இல் 'பக்' என்றொரு ஆவணப்படமும் வந்தது. அடி வாங்கிய பிள்ளை, அடிக்காமல் பழக்கும் ஆசானாக வந்ததை என்னவென்று சொல்வது!

இன்னொரு செய்தியும் கேளுங்கள். வாயில் இரும்பு வைக்காமல், மூக்கின் மேல் வளையம் போட்டு இளங்குதிரையைப் பழக்கும் ஒரு தலைக்கட்டு அங்கே உண்டு. பெயர் 'ஹகமோர்'. ஸ்பானிய மொழியின் 'ஹாக்கிமா'தான் அப்படித் திரிந்தது. ஸ்பானியர் அதை எடுத்துக்கொண்டதோ 'ஷகீமா' என்ற அரபுச் சொல்லிலிருந்து! அந்தலூஸில் முஸ்லிம்கள் விட்டுச் சென்ற சொல், மெக்சிக்கோ வழியாக நெவாடாப் பண்ணை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஜூன் மாதம் கன்றுகளுக்குக் குறி சுடும் நாள் வந்தது. சவாரி செய்பவர் கன்றைக் கயிறெறிந்து பிடித்து, சேணத்தின் கொம்பில் கயிற்றைச் சுற்றி இழுத்து வருவார். அந்தக் கயிறு குதிரையின் வாலுக்கடியில் சிக்கிவிட்டால், பழகாத குதிரை வெறிகொண்டு பாயும். இளங்குதிரை அதற்குள் மாட்டின் பின்னே போகவும், வாயிற்கதவருகே நிற்கவும், மரக்கட்டையை இழுக்கவும் பழகியிருந்தது. ஆனால் வாலில் கயிறு பட்டால் மட்டும் உடல் இறுகிவிடும். 

கணவருக்கு ஆள் போதவில்லை. மகளோ அந்தக் குதிரையில் போயே தீருவேன் என்று அழுதாள். தாய் அசையவில்லை. "அது எனக்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை" என்றார். மகள் கிழட்டுக் குதிரையில்தான் போனாள். ஓகஸ்டில் நான் புறப்படும்போது, வேலிக்குள் மட்டும் அவள் அந்த இளங்குதிரையில் ஏறத் தொடங்கியிருந்தாள். முழுமையான பண்ணைக் குதிரையாக இன்னும் சில வருடங்கள் ஆகும் என்றார்கள்.

சகோதரிகளே! பிள்ளையும் குதிரையும் ஒன்றல்ல. ஆனாலும் அந்தக் கயிறு என் நினைவை விட்டுப் போவதில்லை. பலமுறை சொல்லியும் கேளாத பிள்ளை, ஒருநாள் தானாகவே புத்தகத்தை எடுத்து உட்காருகிறது. உடனே நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "இதை நேற்றே செய்திருக்கலாமே!" என்கிறோம். பிள்ளை ஒரு விரற்கடை அசைந்துவிட்டது. நாமோ இன்னும் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு கோப்பைத் தேநீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவது பெரிய வித்தையல்ல. ஆனால் கயிற்றைத் தளர்த்துவது என்பது அதுதான்.