சூடு போக வழி

கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வாங்க வருகிற பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது, "ஹாஸ்டலா, இல்ல வீட்ல இருந்து போகப்போறியா?" என்பதைத்தான். எந்த கேம், எத்தனை ஜிபி, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் லேப்டாப் சர்வீஸ் பார்ப்பதும் என் தொழில். பொறியியல் கலந்தாய்வு நடக்கிற மாதங்களில் அண்ணா சாலையிலிருந்து உள்ளே வரும் குடும்பங்களில் பலவும் ஒரே குழப்பத்தோடு வரும்: கேமிங் லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? பையன் போனில் ஒரு லேப்டாப்பின் படத்தை வைத்திருப்பான். அப்பா மனதில் ஒரு தொகை இருக்கும். பல வீடுகளில் அது சீட்டு எடுத்தோ நகை வைத்தோ புரட்டிய பணம். நாலு வருஷம் அந்தப் பணம் உழைக்க வேண்டும். அதனால் எடுத்த எடுப்பில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பையன்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் பெயரைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். "அண்ணே, இதுலயும் 4070, அதுலயும் 4070. அப்ப லேப்டாப்பே வாங்கிடலாமே?" கேள்வி நியாயமானது. பெயர்தான் நியாயமாக இல்லை. என்விடியா நிறுவனம் முன்பெல்லாம் லேப்டாப்புக்கான சிப்பின் பெயருக்குப் பின்னால் 'எம்' என்ற எழுத்தைச் சேர்த்து வந்தது. 2016-ல் ஜிடிஎக்ஸ் 10 வரிசை வந்தபோது அந்த எழுத்து போய்விட்டது. அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் தீரவில்லை. டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4070-ல் 5,888 கூடா கோர்கள், 12 ஜிபி நினைவகம், 200 வாட். அதே எண்ணைத் தாங்கிய லேப்டாப் சிப்பில் 4,608 கோர்கள், 8 ஜிபி. சிலிக்கான் துண்டே வேறு. 4060-ஐ எடுத்துக்கொண்டால் இரண்டிலும் 3,072 கோர்கள்தான், நினைவகமும் ஒன்றே. ஆனால் லேப்டாப்பில் அதை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட விடலாம். அந்த அளவை முடிவு செய்கிறவர் லேப்டாப்பைத் தயாரிக்கிறவர். மெல்லியதாக, பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர் குறைத்து வைப்பார். கனமாக இருந்தாலும் பரவாயில்லை, காற்று வரட்டும் என்று நினைத்தவர் கூட்டி வைப்பார். வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் இருவருக்கும் ஒன்றுதான்.

ஆகவே லேப்டாப் பார்க்கிறவர்களிடம், விவரப் பட்டியலில் டிஜிபி என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேடு என்பேன். எத்தனை வாட் என்று அங்கே போட்டிருக்கும். அந்த வரியே இல்லாத மாடலை நான் பரிந்துரைப்பதில்லை. 60 வாட்டில் ஓடும் பெரிய எண்ணைவிட 100 வாட்டில் ஓடும் சின்ன எண் பல நேரங்களில் நன்றாக வேலை செய்யும். இதைக் காட்டிக் கொடுக்கும்போது பையன்களின் கண் சட்டென்று விரியும். அந்த இடத்திலிருந்து அவர்கள் விளம்பரத்தை வேறு விதமாகப் படிக்கத் தொடங்குகிறார்கள்.

வாட் என்று நான் இவ்வளவு அலட்டிக்கொள்வதற்குக் காரணம், உள்ளே போகிற மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். டெஸ்க்டாப்பில் சிபியுவுக்குத் தனி கூலர், கிராபிக்ஸ் கார்டுக்கு அதன் சொந்த ஃபேன்கள். கேபினெட்டின் முன்னால் இரண்டு ஃபேன் காற்றை இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளும். கேமிங் லேப்டாப்பில் சிபியுவும் கிராபிக்ஸ் சிப்பும் அநேகமாக ஒரே செம்புக் குழாய்களைப் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு அடுப்புக்கு ஒரே புகைக்கூண்டு. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. ஏசி ஷோரூமில் 25 டிகிரியில் பார்த்த லேப்டாப், மே மாதத்தில் ஹாஸ்டல் அறையில் 36 டிகிரியில் ஓடும்போது சிப்பும் ஏறக்குறைய அதே பத்துப் பதினோரு டிகிரி கூடுதலாகச் சூடேறும். 95, 100 டிகிரியைத் தொட்டதும் அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய வேகம் அப்போது கையில் இல்லை. மெத்தையில் வைத்து விளையாடினால் அடியில் காற்று போகும் துளைகளும் அடைபடும். பிறகு சொல்லவே வேண்டாம்.

இரண்டு வருஷம் ஓடிய கேமிங் லேப்டாப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசியும் முடியும் சேர்ந்து கம்பளித் துணிபோல ஒரு படலமாகியிருக்கும். அடியில் சிப்பின்மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து உதிரும். சுத்தம் செய்ய, முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். ஹீட்சிங்க்கின் திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். கழற்றும்போது பின்னிருந்து முன்னாக, பூட்டும்போது முன்னிருந்து பின்னாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. அவசரப்பட்டு ஒரு மூலையை மட்டும் இறுக்கினால் சிப்பின் ஓரம் உடையும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சில மாடல்களில் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் ஊற்றியிருப்பார்கள். அது சிந்தி போர்டில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். தெரியாத கை அதைத் தொடவே கூடாது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்து, பழைய சூடு பத்து டிகிரி இறங்குவதைத் திரையில் பார்க்கிற நேரம்தான் இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த நேரம்.

போர்டே போய்விட்டால் அந்தச் சந்தோஷத்துக்கு இடமில்லை. லேப்டாப்பில் சிபியு, கிராபிக்ஸ் இரண்டும் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டவை. வாரண்டி முடிந்த பிறகு ஒன்று போனால் மொத்தப் போர்டையும் மாற்றும்படி ஆகலாம். மூன்றாம் வருஷ மாணவனின் அப்பாவிடம் அந்தத் தொகையைச் சொல்வது கஷ்டம். டெஸ்க்டாப்பில் போன பாகம் மட்டும் போகும். 2018-ல் ஒரு பையனுக்கு ரைசன் 5 2600, பி450 போர்டு போட்டு ஒரு பெட்டி பூட்டிக் கொடுத்தேன். படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பயாஸை அப்டேட் செய்து, அதே சாக்கெட்டில் ரைசன் 5 5600-ஐ உட்கார வைத்தேன். கார்டை மாற்றினோம், ராமைக் கூட்டினோம். கேபினெட்டும் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பழையவையே. இப்போது அவன் தம்பி அதில் படிக்கிறான்.

இதைக் கேட்டு எல்லோரையும் டெஸ்க்டாப் பக்கம் தள்ளுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஹாஸ்டல் பிள்ளைக்கு டெஸ்க்டாப் பாரம்தான். ஒரு அறையில் மூன்று நாலு பேர், ஆளுக்கு ஒரு சின்ன மேசை, பிளக் பாயிண்ட் பங்கு. செமஸ்டர் விடுமுறைக்கு அறையைக் காலி செய்யச் சொன்னால் மானிட்டரை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியாது. புராஜெக்ட் ரிவியூவில் மேடம் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், கேம்பஸ் தேர்வுக்கு கேமரா உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். அங்கே லேப்டாப்தான். ஆனால் அது கேமிங் லேப்டாப்பாக இருக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி. கேமிங் லேப்டாப் இரண்டு கிலோவுக்கு மேல், கூடவே செங்கல் கனத்தில் சார்ஜர். விமானத்தில் அனுமதியில்லாமல் கொண்டுபோகும் பேட்டரிக்கு 100 வாட்-மணி என்று வரம்பு இருப்பதால் எந்தக் கம்பெனியும் அதைத் தாண்டிப் போடுவதில்லை. 90 வாட்-மணி பேட்டரி, 140 வாட் இழுக்கும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது நிமிஷம்கூட வராது. அதனால்தான் சார்ஜரைப் பிடுங்கியதும் அந்த மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வகுப்பில் அது சாதாரண லேப்டாப், கனம் மட்டும் கூடுதல்.

பாடத்தையும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைக்கு முதல் வருஷம் பைத்தானும் சி-யும். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள எந்த நல்ல லேப்டாப்பும் போதும். செயற்கை நுண்ணறிவுப் பாடம் என்றால் கூகுள் கொலாபில் இலவசமாகவே ஜிபியு கிடைக்கிறது. கற்றுக்கொள்ள அது தாங்கும். மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளுக்கு சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ், ரெவிட் எல்லாம் வரும். அவர்களுக்குத் தனி கிராபிக்ஸ் உண்மையிலேயே உதவும். விஸ்காம் படிக்கிறவர்கள் கார்டைவிடத் திரையைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்த கேமிங் லேப்டாப்புகள் சிலவற்றில் 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, நிறம் 45 சதவீதம் என்டிஎஸ்சி உள்ள பேனலை வைத்திருப்பார்கள். அதில் நிறம் திருத்திய படம் வேறு திரையில் வேறாகத் தெரியும்.

விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. "படிப்புக்குத்தாம்பா" என்று பையன் சொல்லும்போது குரல் இறங்குவதை நான் கேட்டிருக்கிறேன். விளையாடத்தான் கேட்கிறான், அதில் தப்பு ஒன்றுமில்லை என்று அப்பாவிடம் நானே சொல்லிவிடுவேன். பதினெட்டு வயதில் நண்பர்களோடு வாலரண்ட் விளையாடுவது வாழ்க்கையின் ஒரு பகுதி. அந்த கேமுக்குப் பெரிய கார்டும் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் தேவையானதை மட்டும் வாங்கலாம். மறைத்தால் லட்ச ரூபாய் லேப்டாப்பில் போய் முடியும்.

டெஸ்க்டாப் விலை பேசும்போதும் முழுக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ், விண்டோஸ் எல்லாம் லேப்டாப் விலைக்குள் ஏதோ ஒரு வடிவில் அடங்கிவிடும். டெஸ்க்டாப்பில் அவை தனி, சேர்த்தால் இருபதாயிரத்தைத் தாண்டும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றம் இரண்டையுமே பாதித்தது. டெஸ்க்டாப்பில் ஒரு ஸ்டிக் போட்டு ஆரம்பித்து அப்புறம் இன்னொன்று சேர்க்கலாம் என்பது ஒரு ஆறுதல். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. கரண்ட் ஏறி இறங்குகிற ஊர்களில் மலிவான எஸ்எம்பிஎஸ் போகும்போது தன்னோடு போர்டையும் சேர்த்துக் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு நான் சொல்வது: நடுத்தர கார்டு போட்ட ஒரு டெஸ்க்டாப், கூடவே கைமாறி வந்த ஒரு ஆபீஸ் லேப்டாப். திங்க்பேட், லேட்டிட்யூட் போன்றவை இந்தத் தெருவிலேயே கிடைக்கும். இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறைக்குக் குறையாமல் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, எட்டாவதற்கு முந்தைய தலைமுறைச் சிப்புகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. ஹாஸ்டல் பிள்ளை, அதுவும் மெக்கானிக்கலோ ஆர்க்கிடெக்சரோ என்றால் கேமிங் லேப்டாப் வாங்கலாம்: கிராபிக்ஸ் சிப் 90 வாட்டுக்குக் குறையாமல், ராமுக்கு இரண்டாவது ஸ்லாட் காலியாக, எஸ்எஸ்டிக்கு இன்னொரு இடத்தோடு. ஹாஸ்டலில் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் எடை குறைந்த லேப்டாப் போதும். மிச்சப் பணம் மூன்றாம் வருஷம் என்ன தேவை என்று தெரிந்த பிறகு செலவாகட்டும்.

கேமிங் லேப்டாப்தான் என்று முடிவாகிவிட்டால், வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு சோதனை செய்யச் சொல்வேன். ஏசி இல்லாத அறையில், மேசைமேல் வைத்து, சார்ஜரைப் போட்டு, கனமான ஒரு கேமை அரை மணி நேரம் ஓட விட வேண்டும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சூடும் வாட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கிராபிக்ஸ் சிப் சொன்ன வாட்டைத் தொட்டு அங்கேயே நின்றால் நல்லது. ஐந்தாம் நிமிஷத்தில் பாதியாக இறங்கினால் பெட்டியைத் தூக்கிப் போடாமல், பில்லோடு கடைக்குப் போய், மாற்றித் தரும் கெடுவுக்குள் கேட்க வேண்டும். அதைக் கேட்கத் தயங்கும் பெற்றோருக்காக நானே கூடப் போயிருக்கிறேன்.