பனி மலைக்குப் புறப்பட்ட கதை

போன வருஷம் தை மாதம், கோவையில் படிக்கும் என் மகள், "அம்மா, மே மாதம் இமாசலத்தில் சார் பாஸ் ஏறப் போறேன். நீயும் வாம்மா" என்றாள். 1949-ல் தொடங்கிய யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் நடத்தும் பயணம். பார்வதி பள்ளத்தாக்கில் கசோல் என்ற ஊரிலிருந்து கூடாரம் கூடாரமாகத் தங்கி, 13,800 அடி வரை நடக்க வேண்டுமாம். நம் ஈரோடோ 600 அடி!

"பேரன் பேத்தி எடுக்கிற வயசுல பனி மலையா, கண்ணு?" என்றார் மாமியார். என் வீட்டுக்காரர் மட்டும், "டாக்டரைப் பார்த்துட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். மருத்துவச் சான்று இல்லாமல் சேர்க்க மாட்டார்களே!

அங்கேதான் குட்டு உடைந்தது. ஹீமோகுளோபின் 8.4. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வயசாகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாதா மாதம் எட்டு நாள் போக்கு. அதை வாய்விட்டு யாரிடம் சொல்வது? ஸ்கேனில் கருப்பையில் சிறு நார்க்கட்டி. "அந்த உயரத்தில் காற்றில் கிடைக்கும் பிராண வாயு இங்கே இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். அதைச் சுமக்க உங்க உடம்பில் ரத்தம் வேண்டாமா? இந்த வருஷம் போகாதீங்க" என்றார் அந்த அம்மாள். மகள் மட்டும் போய் வந்தாள். அன்று ரயிலடியில் சிரித்துக் கையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன்.

மருந்தில் போக்கு குறைந்தது. இரும்புச் சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போட்டுக்கொண்டேன். சாப்பிட்ட கையோடு காபி குடிக்கும் பழக்கத்தை விட்டதுதான் பெரிய தியாகம். அது இரும்பை உடம்பில் சேர விடாதாம். முருங்கைக் கீரை, ராகிக் களி, கொள்ளுப் பருப்பு எல்லாம் நமக்குப் புதிதா என்ன? கார்த்திகையில் 12.1 வந்தது.

அப்புறம் வாரா வாரம் சென்னிமலை. 1,320 படி. முதல் நாள் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். மாசியில், முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசியோடு நிற்காமல் ஏறினேன். பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள்!

எவ்வளவு பழகினாலும் எட்டாயிரம் அடிக்கு மேல் தலைவலி, வாந்தி யாருக்கும் வரலாம். மெதுவாக ஏற வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். முற்றினால் கௌரவம் பார்க்காமல் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். இதை என் மகளிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அதையே என்னிடம் திருப்பிச் சொல்கிறாள்.

நாளை மறுநாள் கேரளா எக்ஸ்பிரஸில் டில்லி. பையைக் கட்டி முடித்தபோது, மாமியார் ஒரு சென்னிமலைப் போர்வையோடு வந்தார்.

"அங்கேயே தூங்கும் பை தருவாங்க, அத்தை."

"யார் யார் படுத்ததோ! இதைக் கொண்டு போ, கண்ணு."

எடை போட்டேன். ஒன்றே முக்கால் கிலோ. புளிக்காய்ச்சல் டப்பாவையும் பருப்புப் பொடியையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, போர்வையை மடித்து உள்ளே வைத்தேன்.