சட்டாம்பிள்ளை

ஸ்காட்லாந்து நாட்டின் கீழைக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழைய நகரம் ஒன்று உளது. பல்கலைக்கழகத்தால் புகழ் பெற்ற அந்நகரில் 1833ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற உயர்நிலைப் பள்ளியொன்று, 'மதராஸ் கல்லூரி' என்னும் பெயரோடு இன்றும் நடைபெற்று வருகின்றது. சென்னை மாநகரம் தனக்கு ஆங்கிலேயர் வழங்கிய அப்பெயரை 1996ஆம் ஆண்டில் களைந்துவிட்டது. கடல் பல கடந்த அப்பனிநாட்டுப் பள்ளியோ அதனை விடாது தாங்கி நிற்கின்றது. அப்பெயர் அங்குச் சென்று சேர்ந்த வரலாறு, நம் முன்னோர் ஊர்த் திண்ணையில் அமர்ந்து பயின்ற முறையோடு நெருங்கிய தொடர்புடையது. ஆதலின் அத்திண்ணைப் பள்ளியின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும்.

அக்காலத்து ஊர்ப் பள்ளிகளிற் பெரும்பாலானவற்றிற்குத் தனிக் கட்டடம் இல்லை. ஆசிரியர் வீட்டுத் திண்ணையோ, ஊராருள் வசதி படைத்த ஒருவர் வீட்டுத் திண்ணையோ பள்ளியாக அமையும். ஆசிரியர் ஒருவரே. மாணவரோ ஐந்து வயதுச் சிறுவர் முதல் மீசை அரும்பும் இளைஞர் வரை பல திறத்தினர். ஒருவன் தரையிற் பரப்பிய மணலில் விரலால் அகரம் சுழித்துக்கொண்டிருப்பான். ஒருவன் ஆத்திசூடியைச் சொல்லிக்கொண்டிருப்பான். ஒருவன் எண்சுவடியில் கீழ்வாய் இலக்கத்தோடு மல்லாடுவான். மற்றொருவன் நிகண்டை உருப்போடுவான். இவையனைத்தும் ஒரே திண்ணையில், ஒரே வேளையில், உரத்த குரலில் நிகழும். அவ்வழியே செல்வோர்க்கு அது வெறும் இரைச்சலாகவே தோன்றும்.

இத்துணைப் பேரையும் ஒருவர் எங்ஙனம் நடத்தினார்? அவர் தனியே நடத்தவில்லை என்பதே விடை. பயிற்சியில் முதிர்ந்த மாணவன் ஒருவன் ஆசிரியர்க்குத் துணையாய் நின்றான். அவனே சட்டாம்பிள்ளை. புதிதாக வந்த சிறுவனின் விரலைப் பற்றி மணலில் எழுத்தை வரைவிப்பவன் அவன். பாடத்தை முன்னே சொல்ல, ஏனையோர் பின்னே சொல்லுமாறு செய்பவனும் அவன். ஆசிரியர் முதிர்ந்த மாணவர்க்குப் பாடம் சொல்லும் வேளையில் இளையோர் அவன் காவலில் இருப்பர். பின்னர் அவனும் ஆசிரியர் முன் சென்று கைகட்டி நின்று தன் பாடத்தை ஒப்புவிப்பான். காலையில் கற்பிப்போனாகவும் மாலையில் கற்போனாகவும் இருப்பது அவன் நிலை.

இக்காலத்தில் 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்றால் பிறர் காரியத்தில் தலையிட்டு அதிகாரம் செய்தல் என்றே பொருள்கொள்கின்றனர். அச்சொல் இவ்வாறு இழிந்தமைக்குக் காரணம் இல்லாமலில்லை. கையிற் பிரம்பு கிடைத்தவுடன் கொடுமை செய்த சட்டாம்பிள்ளைகளும் இருந்திருப்பர். எனினும் காவல்காரன் தவறினான் என்பதற்காகக் காவல் வேண்டா என்பார் எவருமிலர்.

இம்முறை ஆள் குறைவால் நேர்ந்த வெறும் ஏற்பாடு அன்று. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் கல்வியை நான்கு கூறாகப் பகுத்துப் பேசுகின்றது. ஆசிரியர் சொல்லியதைச் செவ்வையாகக் கேட்டுக்கொண்ட மாணவனுக்கும் கிட்டுவது ஒரு கூறே. உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கூறு வரும். எஞ்சிய இரண்டு கூறும் தான் கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்பது அந்நூலின் கருத்து. மாணவர் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கணக்கின் வழியை நன்கறிந்ததாக எண்ணியிருப்போம். அதனைத் தம்பிக்கு விளக்கத் தொடங்கியபின் அன்றோ, எவ்விடத்தில் நமக்கே இருள் சூழ்ந்திருந்தது என்பது புலனாகும்! சட்டாம்பிள்ளைக்கு இவ்வாய்ப்பு நாள்தோறும் கிடைத்தது. சிறுவர்க்கு அவனால் பயன் விளைந்தது உண்மையே. அவனுக்குச் சிறுவரால் விளைந்த பயன் அதனினும் பெரிது.

இனி மதராஸ் என்னும் பெயரின் பயணத்தைக் காண்போம். செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753ஆம் ஆண்டிற் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்தார். இரண்டாண்டுகட்குப் பின் சென்னை எழும்பூரில் அமைந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார். அவ்வில்லத்துப் பிள்ளைகள் ஐரோப்பியப் படைவீரர்க்குப் பிறந்தோர். அவருட் பலர்க்குத் தாயார் இந்நாட்டுப் பெண்டிர். தந்தையின் இனமும் தாயின் இனமும் தம்மவர் என்று அணைத்துக்கொள்ளாத அச்சிறுவரை, சோம்பர் என்றும் பொய்யர் என்றும் ஒன்றுக்கும் உதவாதவர் என்றும் அக்காலத்தார் இகழ்ந்தனர். பள்ளியின் நிலையும் அவ்விகழ்ச்சிக்கு ஏற்பவே இருந்தது. நெடுங்கணக்கைக் கற்கவே சிறுவர்க்கு மாதங்கள் பல கழிந்தன.

ஒருநாட் காலையில் பெல் குதிரைமீது உலாவச் சென்றார். வழியில் 'மலபாரிப் பள்ளி' ஒன்றைக் கண்டார். அந்நாளைய ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே வழங்கினர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அப்பள்ளிச் சிறுவர் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். தாளில்லை, மையில்லை, பலகையில்லை. பிழைபட எழுதினால் உள்ளங்கையால் ஒருமுறை தடவினாற் போதும், எழுதும் இடம் மீண்டும் தூயதாகிவிடும். நாள்தோறும் எத்தனையோ பேர் கண்டும் காணாது சென்ற காட்சி அது. பெல் அதனை நின்று நோக்கினார்.

எழும்பூருக்கு மீண்டதும், கீழ்வகுப்புப் பிள்ளைகட்கு மணலிலேயே எழுத்துக் கற்பிக்குமாறு ஆசிரியர்களைப் பணித்தார். அவர்கள் அதற்கு இணங்கவில்லை; அம்முறையால் கற்பிக்க இயலாது என்றனர். இயலாது என்பார் வாயிலாக ஒரு முறையைச் சோதித்தல் கூடுமோ? பெல் அவர்களை விடுத்து, ஜான் ஃபிரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்தார். அவன் ஒரு சாதாரணப் படைவீரனின் மகன். கீழ்வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். வயது வந்த ஆசிரியர் இயலாதென்று கைவிட்டதை அச்சிறுவன் செய்து முடித்தான். ஒப்படைத்தவர் தன்பால் வைத்த நம்பிக்கையும், தன்னினும் சிறியோர் தன் முகம் நோக்கிக் காத்திருக்கும் நிலையும் எட்டு வயதுப் பிள்ளையை எவ்வளவு உயர்த்தக்கூடும் என்பதை அன்று எழும்பூர் கண்டது.

அதன்பின் பெல் ஒவ்வொரு வகுப்பிலும் மாணவரையே ஆசிரியராகவும் துணையாசிரியராகவும் அமர்த்தினார். பிரம்பின் வேலையும் குறைந்தது. குற்றங்களை ஒரு கரும்புத்தகத்திற் குறித்து வைத்து, வாரந்தோறும் மாணவரே நடுவராய் இருந்து ஆராயும் வழக்கத்தை ஏற்படுத்தினார். 1792ஆம் ஆண்டில் பிணையாகக் கொண்டுவரப்பட்ட திப்பு சுல்தானின் மைந்தர் இருவரை 1794ஆம் ஆண்டில் தந்தையிடம் திருப்பி அனுப்பியபோது, உடன் சென்ற குழுவில் இவ்வில்லத்தில் பயின்ற வில்லியம் ஸ்மித் என்னும் இளைஞனும் இருந்தான். அறிவியற் கருவிகளைத் திப்புவின் அவையில் இயக்கிக் காட்டி விளக்கினான் அவன். ஒன்றுக்கும் உதவாதவர் எனப்பட்டோருள் ஒருவன் ஓர் அரசனுக்குப் பாடம் சொன்னான்!

மணலை ஊர்ப் பள்ளியிற் கண்டதாகப் பெல் மறைக்காது கூறினார்; மாணவரைக் கொண்டு மாணவர்க்குக் கற்பித்தலைத் தம் கருத்தில் எழுந்ததாகவே உரைத்தார். அதுவும் திண்ணைப் பள்ளியிலிருந்தே பெறப்பட்டது என்பார் பலர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களே 1814ஆம் ஆண்டில் எழுதிய மடலில், இந்நாட்டு ஊர் ஆசிரியர்கள் தொன்றுதொட்டுக் கையாண்ட முறை பெல்லின் வாயிலாக இங்கிலாந்தில் ஏற்கப்பட்டதே அம்முறைக்குக் கிடைத்த பெரும்புகழ் என்று குறித்தனர். ஊர்தோறும் சட்டாம்பிள்ளைகள் நிறைந்திருந்த நாட்டில் ஏழாண்டுகட்கு மேல் வாழ்ந்த ஒருவர், மணலை மட்டும் கண்டு சட்டாம்பிள்ளையைக் காணாது போயினார் என்பது நம்புதற்கு அரிது.

1796ஆம் ஆண்டில் பெல் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டில் எழும்பூர்ச் சோதனையைப் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். 1798இல் இலண்டனில் ஒரு பள்ளி அம்முறையைக் கைக்கொண்டது. அதே ஆண்டில் ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இதனையொத்த பள்ளியொன்றைத் தொடங்கினார். இம்முறையை முதலிற் கண்டவர் யாவர் என்று இருவர் தரப்பாரும் நெடுங்காலம் வழக்காடினர். அவ்வழக்கில் தமிழ்நாட்டுத் திண்ணைக்காக வாதாட எவரும் செல்லவில்லை. 1832ஆம் ஆண்டில் பெல் மறைந்தபோது, 'மதராஸ் முறை' பல்லாயிரம் பள்ளிகளிற் பரவியிருந்தது. அவர் கல்விக்கென விட்டுச் சென்ற பெரும்பொருளிலிருந்து எழுந்ததே செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் பள்ளி.

ஆயினும் கப்பலேறிய முறை கரையிறங்கியபோது அதன் உயிர் முழுதும் உடன் செல்லவில்லை. மணல் சென்றது, சட்டாம்பிள்ளையும் 'மானிட்டர்' ஆகிச் சென்றான். திண்ணையில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்தையும் குணத்தையும் அறிந்தவர். சட்டாம்பிள்ளையோ அதே தெருவில் வளர்ந்தவன். அங்கோ சில பள்ளிகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே கூடத்தில் அடைக்கப்பட்டனர். காலையில் தான் கேட்டதைச் சற்றுநேரங் கழித்து அப்படியே சொல்பவனாக மானிட்டர் ஆனான். அவனுக்கெனத் தனியே கற்பிப்பார் இல்லை. கற்பதை நிறுத்திவிட்டுக் கற்பிக்க மட்டும் செய்பவன் ஊற்றடைந்த கிணறு போல்வான்.

இக்குறையை உணர்ந்த கே ஷட்டில்வொர்த் முதலியோர் 1846ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடொன்றை வகுத்தனர். பதின்மூன்று வயது நிரம்பிய மாணவன் ஐந்தாண்டுகள் தன் தலைமையாசிரியரிடம் தொழில் பயில வேண்டும். பகலில் கற்பிக்க வேண்டும். பள்ளி வேளைக்குப் புறம்பே நாள்தோறும் ஒன்றரை மணிநேரம் தலைமையாசிரியர் அவனுக்குப் பாடம் சொல்ல வேண்டும். முதலாண்டில் 10 பவுனும் ஐந்தாம் ஆண்டில் 20 பவுனும் உதவித்தொகை உண்டு. தேர்ந்தோர் பயிற்சிக் கல்லூரிக்குச் செல்லலாம். தாமறியாமலே அவர்கள் திண்ணைக்கு ஒருபடி அருகில் வந்துவிட்டனர் எனலாம்.

இதற்கிடையே தாய்நாட்டில் திண்ணையின் நிலை என்ன? சென்னை ஆளுநராய் இருந்த தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தமை தெரியவந்தது. அவருட் பெண்பிள்ளைகள் ஐயாயிரவர்க்கும் குறைவு. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகட்கோ பெரும்பாலான திண்ணைகள் அடைபட்டே கிடந்தன. பழமையைப் போற்றுவோர் இதனை மறைத்தல் நேர்மையன்று.

பல்லாரி மாவட்ட ஆட்சியராய் இருந்த காம்பெல் என்பார் 1823ஆம் ஆண்டில் அனுப்பிய அறிக்கை இன்றும் படிக்கத்தக்கது. முதலில் பள்ளிக்கு வரும் மாணவன் உள்ளங்கையில் கலைமகள் பெயரை எழுதுவர், இரண்டாமவன் கையில் புகழும் இகழும் இல்லை என்பதற்கு அடையாளமாகச் சுழியம், மூன்றாமவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, பின்வருவோர்க்கு ஒவ்வொன்றாக ஏறிச் செல்லும். முதிர்ந்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் சிக்கனத்தை அவர் பாராட்டி, இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றார். மாணவர் பொருளறியாது கிளிபோற் பாட்டுகளை ஒப்புவித்ததைக் கடிந்துரைத்தார். ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த அம்மாவட்டத்தில் 7,000 பிள்ளைகள்கூடப் பள்ளியில் இல்லை என்றும், நாட்டு மக்களின் வறுமையே அதற்குக் காரணம் என்றும் எழுதினார். உலகிற்கு ஒரு முறையை வழங்கிய திண்ணை, ஆசிரியர்க்கு நெல் அளக்க இயலாத ஊரில் சரிந்துகொண்டிருந்தது.

ஆசிரியர்களைப் பயிற்றச் சென்னையில் ஒரு பள்ளி வேண்டுமென மன்றோ 1826ஆம் ஆண்டில் எழுதினார். மறு ஆண்டே அவர் வாந்திபேதியால் இறந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1856ஆம் ஆண்டில், அரசினர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி சென்னையில் நிறுவப்பெற்றது. பின்னாளிற் சைதாப்பேட்டையில் அமைந்த ஆசிரியர் கல்லூரிக்கு மூலம் அதுவே. மணியும் கரும்பலகையும் வகுப்பறையும் வந்தன. வயதொத்த பிள்ளைகள் தனித்தனி அறைகளில் அமர்ந்தனர். மூத்தவனும் இளையவனும் ஒரே பாயில் அமரும் இடம் பள்ளியில் இல்லாது போயிற்று.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயினால் பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்டன. சிறுவர் பலர் கற்ற எழுத்தையும் மறந்தனர். 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பயில்வோர்க்கு, அவரவர் குடியிருப்பில், மாலை வேளையில், அவ்வூரைச் சேர்ந்த தன்னார்வலரே பாடம் சொல்லும் ஏற்பாடு அது. முன்வந்தோருட் பெரும்பாலோர் பெண்கள்; பட்டம் பெற்றும் வேலை கிட்டாதிருந்தோர் சிலர், படிப்பை முடித்து மணமாகி இல்லத்தோடு அமைந்தோர் சிலர். கோயில் மண்டபத்திலும், வீட்டு முற்றத்திலும், எஞ்சியிருந்த திண்ணைகளிலும் பாய் விரிக்கப்பட்டது. மூன்றாம் வகுப்புச் சிறுமியும் அவள் அண்ணனும் அதே பாயில் அமர்ந்தனர். ஆசிரியை ஒருத்திக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கையில், அண்ணன் தங்கையின் சிலேட்டை வாங்கிப் பிழையைத் திருத்தினான்.