சாவியைக் கொடுத்துவிட்டு வருபவர்

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்டால், மூன்று வருஷத்துக்கு முன்புவரை "கம்பெனியில் ஃபிட்டர்" என்று சட்டென்று சொல்லிவிடுவேன். இப்போது சொல்வதற்கு ஒரு நிமிஷம் ஆகிறது.

எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம். முன்பெல்லாம் ராமானுஜர் அவதரித்த ஊர் என்றால்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010-ல் ஓரகடத்தில் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலையும், 2012-ல் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலையும் வந்தன. வேர்க்கடலை போட்ட நிலமெல்லாம் காம்பவுண்டுச் சுவராகிவிட்டது!

புதுக் கார்களை நீளமான டிரெய்லரில் ஏற்றி அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். லாரி அப்படியல்ல, பெரும்பாலும் அது தன் சக்கரத்திலேயே உருண்டு போக வேண்டும். பின்னால் பாடி இல்லாமல் வெறும் எலும்புக்கூடு மாதிரி வரிசையாகப் போகுமே, அதுதான் சேஸிஸ். பாடி கட்ட நாமக்கல், திருச்செங்கோடு போகும். ஷோரூமுக்கு நாக்பூர், ஹூப்ளி என்றும் போகும். அதை ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, பஸ்ஸிலோ ரயிலிலோ திரும்பி வருவதுதான் என் கணவரின் இரண்டாவது உத்தியோகம்.

அவருடைய நாற்பத்தேழாவது வயதில், வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன் லாரி ஓட்டியவர்; ஹெவி லைசென்ஸை விடாமல் புதுப்பித்து வைத்திருந்தார். "ராவும் பகலும் ரோட்டுல கிடக்கிற பொழப்பு உனக்கு எதுக்குடா?" என்று என் மாமியார் அழுதார்கள். ஆனால் பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அழுதால் ஃபீஸ் கட்ட முடியுமா?

முதல் தடவை புது வண்டியோடு கிளம்பியபோது, வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். நாலாம் நாள் திரும்பி வந்தவர், சாப்பாட்டுக்கும் திரும்பி வருவதற்கும் கொடுத்த பேட்டாவில் பாதிக்கு மேல் மிச்சம் பிடித்து என் கையில் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பணத்தில் ஒரு சீட்டே சேர்ந்தேன். "எங்க வீட்டுக்காரரு மாதிரி சிக்கனம் யாருக்கு வரும்!" என்று நாத்தனாரிடம் பெருமை அடித்துக்கொண்டதும் நான்தான்.

அந்தப் பெருமைக்கு விலை என்ன என்பது போன ஆடி மாசம் தெரிந்தது.

ஹூப்ளிக்குப் போகிற வண்டி. விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, வாணியம்பாடி தாண்டியதும் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் மங்கலாகிவிட்டதாம். எப்படியோ ஓரம் கட்டிவிட்டார். பின்னால் இன்னொரு சேஸிஸில் வந்த நண்பர்தான் இறங்கி ஓடி வந்து, சர்க்கரை போட்ட டீயும் கடலை மிட்டாயும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அந்த நண்பரின் மனைவி ரேஷன் கடையில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று ராத்திரி சண்டை போட்டேன். "சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஏங்க சாப்பிடாம இருந்தீங்க?"

வெகு நேரம் பேசாமல் இருந்தவர், "மிச்சம் பண்ணிக் கொண்டு வந்தா உனக்கு முகம் மலர்ந்துடுதே" என்றார்.

எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் வயிற்றைக் கட்டியா நான் சீட்டுக் கட்டினேன்!

மறுநாளே இருவரும் டாக்டரிடம் போனோம். சில வகை சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடுமாம். "அப்படி வந்தால் முதலில் வண்டியை நிறுத்துங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை குடியுங்கள். அப்புறம் வயிறாரச் சாப்பிடுங்கள். தெளிந்த பிறகும் முக்கால் மணி நேரமாவது ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது" என்றார். மாத்திரையையும் மாற்றி எழுதிக் கொடுத்தார்.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரு டிரைவர் தொடர்ந்து ஓட்டக் கூடாது, நடுவே அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டார்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதுமா? வீட்டிலும் இருக்க வேண்டாமா?

இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். டிபன் சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. முதல் நாளைக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் கட்டிக் கொடுக்கிறேன். கை எட்டும் இடத்தில் வறுத்த கடலை ஒரு டப்பா, சர்க்கரை ஒரு சின்ன டப்பா. ராத்திரி பத்து மணிக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது. பேட்டா மிச்சம் வந்தால் நான் வாங்குவதில்லை! மாசம் ஐந்து டிரிப் போனவர் மூன்றுதான் போகிறார். ஒரு சீட்டை நிறுத்திவிட்டேன். அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துச் சமாளிக்கிறேன்.

வெளிநாட்டில் பணக்காரர்கள் வாங்கும் உல்லாசப் படகை, கட்டிய துறையிலிருந்து கடல் தாண்டி ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்கவென்றே கேப்டன்கள் இருக்கிறார்களாம். வேறு வேலை பார்த்துவிட்டு நடு வயதில் இதற்கு வருகிறவர்களும் உண்டாம். என் பெண் படித்துச் சொன்னாள். "அப்பாவும் கேப்டன்தாம்மா! என்ன, தண்ணிக்குப் பதிலா தார் ரோடு."

அவர் சிரித்துக்கொண்டே, "அடுத்தவன் வண்டிதானே? கீறல் விழாம சாவியைக் கொடுத்துட்டா என் வேலை முடிஞ்சுது" என்றார்.

"வண்டிக்குக் கீறல் விழாம இருந்தா மட்டும் போதாதுங்க" என்றேன். அவருக்குப் புரிந்தது.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்காரர் மிச்சம் பிடித்துக் கொண்டு வரும் பணத்தை எண்ணுவதற்கு முன்னால், "சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டேன்.