நாலு கதவு வைத்த திறந்த வண்டி

கோவையில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் ஃபோர்டு மாடல் டி டூரருக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு கதவு, மடக்கிவிடும் கித்தான் கூரை, பக்கக் கண்ணாடி கிடையாது. பெயின்ட் அடித்து ரோட்டில் நிறுத்தினால் கூட்டம் கூடிவிடும். நான் போனபோது சேஸிஸ் மேல் வெறும் மரக்கூடாக நின்றது.

வலப்பக்க முன்கதவைத்தான் முதலில் பார்த்தேன். அமெரிக்காவில் ஓடிய மாடல் டி டூரரில், 1910-களிலும் 20-களின் முதல் பாதியிலும், டிரைவர் பக்கம் கதவு இருக்காது. தகட்டில் கதவு மாதிரி கோடு மட்டும் அழுத்தியிருக்கும். டிரைவர் மறுபக்கமாக ஏறி நகர்ந்து உட்கார வேண்டும். இந்தியாவுக்கு வந்தவை கனடா ஃபோர்டின் வண்டிகள். ஸ்டியரிங் இடமானாலும் வலமானாலும் பாடி ஒன்றே என்பதால் அங்கே நாலும் நிஜக் கதவுகள். பட்டறைக்காரர்களுக்கு இதனால் ஒரு கதவு வேலை கூடுதல்.

கதவுதான் இந்த வகை வண்டியின் தலைவலி. கூரை போட்ட காரில் தூண்களையும் பக்கங்களையும் மேலே கூரை கட்டிப்பிடித்திருக்கும். டூரரில் அந்த மேல்பிடி இல்லை. பக்கத்துக்கு இரண்டு கதவு வெட்டிவிட்டால் மிஞ்சுவது கீழ்ச்சட்டமும் குட்டையான ஒரு நடுத்தூணும்தான். சேஸிஸ் முறுகினால் பாடியும் முறுகும். கதவு தூணில் இடிக்கும், இல்லையென்றால் குழியில் இறங்கும்போது தானாகத் திறந்துகொள்ளும். 1961-இல் தனிச் சேஸிஸ் இல்லாமல் லிங்கன் கான்டினென்டல் நாலு கதவு கன்வெர்டிபிளாக வந்தபோதும் இதே தொல்லைதான். அடிப்பாகத்தில் இரும்பைக் கூட்டிச் சமாளித்தார்கள். வண்டி 2 டன்னைத் தாண்டியது. 1967-ஓடு லிங்கன் அந்த ரகத்தையே நிறுத்திவிட்டது.

மர வேலை பார்க்கும் மேஸ்திரி கரூரில் பஸ் பாடி கட்டிப் பழகியவர். பஸ்ஸுக்கு மரச்சட்டம் போடுவது நின்ற பிறகு இந்தப் பக்கம் வந்திருக்கிறார். கதவு இடுக்கில் ஓர் ஆக்ஸா பிளேடை விட்டு மேலிருந்து கீழே இழுத்தார். மேலே மட்டும் பிடித்தது. பாதிக்குக் கீழே லேசாக வந்தது. இழைப்புளியை எடுத்துக் கதவின் ஓரத்தைச் சீவப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்.

“கதவுல குத்தமில்லீங்க சார். நடுவுல பாடி உக்காந்திருக்குது. அதத் தூக்கோணும்.”

நடுத்தூணுக்கு நேர்கீழே, சேஸிஸுக்கும் கீழ்ச்சட்டத்துக்கும் இடையில் மெல்லிய பேக்கிங் ஒன்றைச் சொருகி போல்ட்டை முறுக்கினார். பிளேடு இப்போது தடையில்லாமல் இறங்கியது. அதோடு விடவில்லை. “டேய், நாலு பேர் ஏறி உக்காருங்கடா” என்றார். பையன்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். ஆள் ஏறிய பிறகு நாலு கதவையும் திறந்து சாத்திப் பார்த்தார். பின்கதவு ஒன்று கொஞ்சம் முரண்டியது. எல்லோரையும் இறக்கிவிட்டு மறுபடி அடியில் போய்ப் படுத்தார்.

டிங்கர் வேலை இதற்குப் பிறகுதான். தகட்டை மணல் மூட்டை மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டி வளைவு எடுக்கிறார்கள். மட்கார்டின் ஓரத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும்: விளிம்புக்குள் கம்பியை வைத்து, தகட்டை அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டி மூடுகிறார்கள். கையைக் கிழிக்காது, ஓரமும் அதிராது. ஒரே இடத்தில் ஓர் அடி அதிகமாக விழுந்தால் தகடு நீண்டு அலையடித்துவிடும். அதைப் பட்டி போட்டு மறைக்கலாம், இங்கே மறைப்பதில்லை. கண்காட்சிகளில் பெயின்ட்டையும் நிக்கல் பளபளப்பையும் சுற்றிச்சுற்றி வருகிறவர்கள் ஒருமுறை கதவைச் சாத்திப் பார்த்தால் தேவலை.

கூரைக்கான மர வில்கள் இன்னும் வரவில்லை. அதற்குள் மரத்தைப் பற்றியே ஒரு வழக்கு. உரிமையாளருக்குப் பழையபடி வெளிநாட்டு மரமே வேண்டுமாம். அசலாக இருக்க வேண்டும் என்கிறார். மேஸ்திரி தேக்கை விட்டு நகரவில்லை. கழற்றிப்போட்ட பழைய சட்டத்தை எடுத்து வந்து காட்டினார். ஆணி போன இடமெல்லாம் வெடிப்பு, உள்ளே கறையான் தின்ற மாவு. “நம்மூரு வெயிலுக்கும் கறையானுக்கும் இது ஆகாதுங்க. ஓட்டறது நீங்கதானே?”

அசல், அசல் என்று அடம்பிடிப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. உரிமையாளர் அரைமனதாகத் தலையாட்டியிருக்கிறார். கூரை வில்லுக்கு மட்டும் என்ன மரம் என்று இன்னும் முடிவாகவில்லை.