ஐந்நூற்றில் ஒரு பங்கு வாட்

கிற்றாருக்கான பெரிய வால்வு அம்பிளிபயர் வீட்டுக்கென்று செய்யப்பட்ட பொருள் அல்ல. ‘த ஹூ’ குழுவின் பீற் ரவுன்சென்ட் தன் கிற்றார் இன்னும் உரக்கக் கேட்க வேண்டுமென்று லண்டனில் ஜிம் மார்ஷலின் கடைக்குப் போய் நின்றதால்தான் 1965இல் மார்ஷலின் 100 வாட் அம்ப் பிறந்தது. பீற்றில்ஸ் விசிறிகளின் கூச்சலுக்கு மேலால் கேட்க வேண்டும் என்று வொக்ஸ் கம்பனியும் 30 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனது. அந்த நாளில் மண்டபத்து ஒலிபெருக்கி பாடகரின் குரலுக்கே போதாது. கிற்றார்காரர் தன் பெட்டியைக் கொண்டே மண்டபத்தை நிரப்பியாக வேண்டும். இங்கே இலங்கையில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் பாடல்களால் மேடைகளை ஆட்டியதும் அதையொட்டி வந்த காலத்தில்தான்.

அந்த இனத்துப் பெட்டி ஒன்றைக் கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் வைத்திருப்பது, தவில்காரரைப் படுக்கையறையில் குடிவைத்த மாதிரி. வைத்திருக்கிறேன். கீழ்வீட்டில் யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். கோபக்காரர் இல்லை. ஒருநாள் படியில் கண்டபோது சொன்னார்: “தம்பி, நீங்கள் என்ன வாசிக்கிறியள் எண்டு எனக்கு விளங்கேல்லை. தும் தும் எண்டு மட்டும் கேக்குது.”

இந்த விஷயத்தில் நான் கேட்ட மிகச் சரியான தொழில்நுட்பக் குறிப்பு அதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சத்தத்தைக் குறைத்தால் வால்வின் இனிமை ஏன் போகிறது? வால்வு சிக்னலைப் பெருக்கிக்கொண்டே போய்த் தன் எல்லையைத் தொடும்போது சட்டென்று வெட்டாது. அலையின் முனையை மெல்ல வளைக்கும். காதுக்குப் பிடிப்பது அந்த வளைவு. ஆனால் வளைவது ஒரு வால்வு மட்டுமல்ல. முன்னாலுள்ள சின்ன ஈசிசி 83 வால்வு வளையும், பின்னாலுள்ள ஈஎல் 84 வால்வு வளையும், அவுட்புட் ட்ரான்ஸ்போமரின் இரும்பு திணறும், கரண்ட் இழுபட்டு உள்ளே வோல்ட் சற்று இறங்கும், கடைசியில் ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பும் தன் பங்குக்கு நெளியும். வொல்யூமைக் குறைத்தால் இவ்வளவு பேரும் வேலையை விட்டுவிடுவார்கள். மாஸ்டர் வொல்யூம் என்ற குமிழ் 1970களில் பரவலாக வந்தது இதற்காகத்தான்: முன் வால்வை மட்டும் நன்றாக வருத்திவிட்டு, பின்னால் கதவைச் சாத்துவது. வேலை செய்யும். ஆனால் தனியே முன் வால்வின் நெளிவு நுளம்புச் சத்தத்துக்குக் கிட்ட நிற்கும்.

அப்படியானால் சின்ன அம்ப் வாங்கினால் போயிற்று என்பார்கள். கொழும்பில் கிற்றார் பிடிக்கிற எல்லோரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். பத்து மடங்கு வாட் என்பது காதுக்குச் சுமார் இரண்டு மடங்குச் சத்தம், அவ்வளவுதான். 100 வாட்டை விட்டு 10 வாட்டுக்கு வந்தால் சத்தம் பாதிதான் குறையும். சாதாரண 12 அங்குலக் கிற்றார் ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீற்றர் தூரத்தில் 97 டெசிபல் அளவுக்குக் கத்தும். பக்கத்தில் நிற்பவரோடு கத்தித்தான் கதைக்கலாம். இரவு எட்டு மணிக்குத் தொடர்மாடியில் பொறுக்கக்கூடியது 70 டெசிபல் என்று வைத்தால், அதற்கு வேண்டியது ஒரு வாட்டின் ஐந்நூற்றில் ஒரு பங்கு. 5 வாட் அம்பும் அங்கே தூங்கிக்கொண்டுதான் இருக்கும். சின்ன அம்ப் வேண்டாமென்று நான் சொல்லவில்லை, நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். அது மருந்தில் பாதி.

மற்றப் பாதிக்கு ‘பொஸ்ரன்’ குழுவின் ரொம் ஷோல்ஸ் வழி காட்டினார். எம்.ஐ.ரியில் படித்த பொறியியலாளர். அவர் விற்ற ‘பவர் சோக்’ அம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் உட்கார்ந்து பெரும்பங்கு வாட்டை வெப்பமாக்கிவிடும். இன்று அட்டனுவேட்டர் என்ற பெயரில் பல கம்பனிகள் செய்கின்றன. வால்வுகள் முழு மூச்சில் ஓடும், ஸ்பீக்கருக்குத் துளிதான் போகும். வால்வு சீக்கிரம் தேயும் என்பது ஒரு குறை. ஸ்பீக்கரின் ஓம் கணக்கு சுருதிக்குச் சுருதி மாறுவது. வெறும் ரெசிஸ்டர் வைத்த மலிவுப் பெட்டி அப்படி மாறாததால் மேல் சுருதிகள் மங்கும் என்பது இன்னொன்று. கொஞ்சம் குறைக்கும்வரை அருமை. மிகக் குறைத்தால் கம்பளியால் மூடியதுபோல் ஆகிவிடும். அப்போது எல்லோரும் பெட்டியைத் திட்டுவார்கள்.

திட்டு பெட்டிக்கு மட்டும் சேர வேண்டியதல்ல. பெல் ஆய்வுகூடத்தில் பிளெச்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டியது இது: சத்தம் குறையக் குறைய மனிதக் காது கீழ்ச் சுருதிகளை வேகமாக இழக்கிறது, மிக மேலுள்ளவற்றையும் ஓரளவு. மேடையில் கொழுத்துக் கேட்ட அதே தொனி வீட்டில் மெலிந்து கேட்பதற்குப் பாதிக் காரணம் நம் தலையின் இரண்டு பக்கத்திலும்தான் இருக்கிறது. உடனே கை பேஸ் குமிழுக்குப் போகும். இங்கேதான் ரீச்சரின் தும் தும். நம் காது இழப்பதும் கீழ்ச் சுருதி, கொங்கிறீற்றுத் தட்டு சிந்தாமல் கீழ்வீட்டுக்குக் கொண்டுபோவதும் அதே கீழ்ச் சுருதி. எனக்கு மருந்து, அவருக்கு வியாதி.

வழியைக் காட்டியவர் கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்கு உள்ளே, இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர் உள்ள பழைய வீட்டில் இருக்கும் நண்பர். கோயில் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிப்பவர். அவர் அம்பை நிலத்தில் வைப்பதே இல்லை. பொதுச் சுவரிலிருந்து எட்டி ஒரு கதிரை, அதன்மேல் தடித்த ரப்பர், அதன்மேல் அம்ப், முகம் நேராகக் காதுக்கு. தான் முன்னால் முக்காலியில், ஒரு மீற்றருக்குள். தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும், அதுவும் நமக்கு மட்டும். பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் கூடாது. பேஸைக் கூட்டாமல் நடுச் சுருதியைச் சற்று ஏற்றுகிறார், ரிவேர்ப் ஒரு துளி விடுகிறார், மெலிவு மறைந்துவிடுகிறது. குமிழ்களைத் திருத்துவதும் வாசிக்கப்போகிற அதே சத்தத்தில்தான். பகலில் உரக்க வைத்துத் திருத்தியது இரவுக்கு உதவாது. இதில் எதற்கும் காசு இல்லை என்பதால்தான் யாரும் சொல்வதில்லை என்று நினைக்கிறேன்.

சத்தம் குறைந்தால் முன்பு மறைந்திருந்த குறைகளும் வெளியே வரும். எங்கள் தொடர்மாடிபோல் கடற்கரையோர றெயில் பாதைக்கு இவ்வளவு கிட்ட இருந்தால் உப்புக்காற்று குமிழ்களிலும் ஜாக்குகளிலும் ஏறும், திருப்பும்போது கரகரக்கும். கொன்ராக்ற் கிளீனர் ஒரு போத்தல் வீட்டில் இருக்கட்டும். அதைவிடச் சத்தம் குறைந்த நாளும் உண்டு: 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாளில், ஒன்றிலும் செருகாத கிற்றாரைத்தான் எல்லோரும் வாசித்தோம். அந்த வாரம் முறைப்பாடு வரவில்லை.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னது. அது பொது இடங்களின் சத்தத்தை நினைத்துச் சொன்னது. நம் தொடர்மாடிக் கமிற்றி நீதிமன்றத்தை விடக் கண்டிப்பு. ஒன்பது மணிக்கே மூடிவிடுவேன்.

வாங்கப்போகிறவர்களுக்கு: மாஸ்டர் வொல்யூம் உள்ள 5 வாட், 10 அங்குல ஸ்பீக்கர், ஒரு நல்ல கதிரை. அட்டனுவேட்டர் பிறகு பார்க்கலாம். லண்டனிலிருந்து உறவினர் அம்பைக் கொண்டுவந்தால் அப்படியே செருகலாம். கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்தால் அது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் மாற்றும், 50 ஹேர்ட்ஸை மாற்றாது. உள்ளிருக்கும் பவர் ட்ரான்ஸ்போமர் கூடுதலாகச் சுடும். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி நிற்கக்கூடும், திறக்காதீர்கள். எவ்வளவு சத்தம் குறைக்க ஆசையென்றாலும் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு மட்டும் வால்வு அம்பை ஓட விடாதீர்கள்; அவுட்புட் ட்ரான்ஸ்போமர் எரிந்தால் புதிதாகச் சுற்றித்தர கொழும்பில் ஆள் தேடித் திரிய வேண்டும்.