வாக்கும் அடையாள அட்டையும்

1920-இல் அமெரிக்க அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் பெண்டிர்க்கு வாக்குரிமை நல்கியதை வியந்து பேசுகிறோம். அடுத்த ஆண்டே சென்னைச் சட்டமன்றமும் அவ்வுரிமையை அளித்தது; எனினும் சொத்துடையார் சிலர்க்கே அது எட்டியது. இலங்கையில் 1931-இல், கொழுந்து பறித்த தமிழ்ப்பெண்டிர் பலர்க்கும் வாக்கு வாய்த்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் மறு ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் அதனைப் பறித்துக்கொண்டன.

மலாயாவில் 1955ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பெண்டிரும் ஆடவரோடு ஒருங்கே வாக்களித்தனர். போராடாது வந்த பேறு என்பாருளர். குடியுரிமை பெற்றார்க்கன்றோ அப்பேறு! கம்போங் மேடானில், தோட்டம் விட்டு வந்து குடியேறிய மூதாட்டியர் சிலர், பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் பதிய வரும்பொழுது நீட்டுவது, குடியுரிமையற்றோர்க்குரிய சிவப்பு அடையாள அட்டையே. பால்மரம் சீவித் தேய்ந்த அக்கைகள் வாக்குச்சீட்டைத் தொட்டதில்லை. தேர்தல் நாளொன்றில் அவருள் ஒருவர், முதன்முறை வாக்களிக்கும் பேத்தியை வாக்குச்சாவடி வாயில்வரை அழைத்துவந்து, குடையுடன் வெளியே நின்றிருந்தார்.